பழைய சிஸ்டத்தைச் சீராக்கி இல்லாத வீட்டுக்குக் கொடுக்க: முதல் பத்து மெஷினுக்கான வழிகாட்டி

ஆபீசில் ஓரங்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி, சரிசெய்து, வாங்க வசதியில்லாத பிள்ளைக்குக் கொடுப்பது கேட்க எளிதாக இருக்கும். இறங்கிப் பார்த்தால்தான், எடுத்து வந்ததில் பாதி மாடிப்படிக்குக் கீழே தூசி தின்னும் என்பது தெரியும். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாததால் இப்படி ஆவது குறைவு. எடுக்கக் கூடாததை எடுத்திருப்போம், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டிருப்போம், போகப்போகிற வீட்டை ஒருமுறைகூட எட்டிப் பார்த்திருக்க மாட்டோம்.

தமிழ்நாட்டில் தனியாகவோ நாலு நண்பர்களாகவோ சேர்ந்து ஐந்து முதல் இருபது மெஷின் வரை செய்யப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். விற்பனைக்குச் செய்பவர்களுக்கு வேறு சட்டம், வேறு கணக்கு. அதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம்.

1. வீட்டைப் பார்த்த பிறகு மெஷினைத் தேடுங்கள்

கொடுக்கப்போகும் வீட்டில் நான்கு விஷயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன வேலைக்கு, எங்கே வைப்பார்கள், மின்சாரம் எப்படி, இன்டர்நெட் எப்படி.

என்ன வேலை என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைக்கு பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் போதும், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அதற்கு அருமையாக இருக்கும். அதே தெருவில் அக்கவுண்டன்சி படிக்கிற பிள்ளைக்கு டேலி வேண்டும். டேலி விண்டோஸில் ஓடுகிற கணக்கு மென்பொருள். அந்தப் பெண்ணிடம் லினக்ஸ் மெஷினைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் யாராவது திருட்டு விண்டோஸ் ஏற்றிவிடுவார்கள், உங்கள் வேலை அத்தனையும் போச்சு.

இடம் ஒரே அறை என்றால் லேப்டாப்தான். டெஸ்க்டாப்புக்கு மேசை, நாற்காலி, பிளக் பாயிண்ட் மூன்றும் வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் அது பரணுக்குப் போய்விடும். கரண்ட் பில்லைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். மானிட்டரோடு சேர்த்து 80 வாட் இழுக்கிற டெஸ்க்டாப்பை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 19 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் மின்விசிறியும் டிவியும் மட்டும் உள்ள வீட்டில் பில் பெரிதாக ஏறாது. லேப்டாப் இதில் பாதிகூட இழுக்காது.

2. கொடுப்பவர் வாசலிலேயே கழித்துக்கட்டுங்கள்

இலவசம் என்றதும் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றாதீர்கள். ஒரு பென்டிரைவ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச் லைட்டோடு போய் ஒவ்வொன்றையும் அங்கேயே பாருங்கள்.

முதலில் பிராசஸர். இன்டெல் பிராசஸரின் முழுப் பெயர் ஐ5-4590 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண் தலைமுறை, இது நான்காவது. ஐ5-10400 என்று ஐந்து இலக்கமானால் முதல் இரண்டும் சேர்த்து, பத்தாவது. எங்கள் அளவுகோல் இது: எட்டாவது தலைமுறையும் அதற்கு மேலும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். இரண்டு முதல் ஏழு வரை லினக்ஸுக்கு நல்ல மெஷின்கள், நீங்கள் செய்யப்போவதில் முக்கால்வாசி இவையாகத்தான் இருக்கும். கோர் 2 டுவோவை டைப்பிங் பழகவும் பாடப் பிடிஎஃப் படிக்கவும் மட்டும் எடுக்கலாம், அதுவும் 4 ஜிபி ராம் ஏறும் என்றால். பென்டியம் 4, 32-பிட் நெட்புக், பெட்டி மாதிரி பழைய சிஆர்டி மானிட்டர் இவை வேண்டவே வேண்டாம். சிஆர்டி கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வாங்கிவிட்டால் தள்ளிவிட ஆள் கிடைக்காது.

அடுத்து பயாஸ் (ஓஎஸ் எழும் முன்பே ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) பாஸ்வேர்டு. மெஷினைப் போட்டு எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அதே இடத்தில் ஐடி ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். “போர்டுல இருக்கிற செல்லைக் கழற்றினா போயிடும் சார்” என்பார்கள். பழைய டெஸ்க்டாப்பில் போகலாம். கம்பெனிகளுக்கென்றே வந்த லேப்டாப்களில் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் இருக்கும், செல்லை ஒரு மாதம் கழற்றி வைத்தாலும் அசையாது. பாஸ்வேர்டு தெரிந்த ஐடி ஆள் வேலை மாறிவிட்டால் அந்த லேப்டாப் உதிரிபாகத்துக்குத்தான்.

பூட்டில் இன்னொரு வகை கண்ணுக்கே தெரியாது. கம்பெனி தன் மெஷினை மைக்ரோசாஃப்ட் ஆட்டோபைலட்டில் பதிந்து வைத்திருந்தால், புதிதாக விண்டோஸ் ஏற்றி இன்டர்நெட் கொடுத்த மறு நிமிடம் அந்தக் கம்பெனி பெயரோடு லாகின் திரை வந்து நிற்கும். லினக்ஸுக்கு இது தடையில்லை. விண்டோஸ் போடுவதாக இருந்தால் சீரியல் எண்களைக் கொடுத்து, பதிவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். மேக்புக் என்றால் பழைய முதலாளி தன் ஆப்பிள் கணக்கிலிருந்து எடுத்தாக வேண்டும், எடுக்காததைத் தொடாதீர்கள்.

பிறகு துண்டு துணுக்குகள். பாதுகாப்புக்காக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்போம் என்று பல கம்பெனிகள் சொல்லும். கழற்றட்டும். ஆனால் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகடு, அதன் ஸ்க்ரூ, சில மாடல்களில் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் பட்டை ஒயர், இவற்றை அந்தந்த லேப்டாப்பிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தப் பட்டை ஒயர் மாடலுக்கு மாடல் வேறு. ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சார்ஜரும் அப்படித்தான், எந்த லேப்டாப்போடு எது என்று டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

பிராண்டட் டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பா) செத்திருந்தால் யோசித்து எடுங்கள். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் போர்டுக்குப் போகும் கனெக்டர் வழக்கமான 24 பின் கிடையாது. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் உட்காராது. கன்வெர்ட்டர் ஒயர் தேட வேண்டும்.

லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வையுங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே துருத்தினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடவே கூடாது. பேட்டரியை வெளியே எடுக்க முடிகிற மாடலாக இருந்தால் எடுத்துவிட்டு மெஷினை மட்டும் வாங்கலாம்.

சொந்தக்காரர் வீடுகளையும் விசாரியுங்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பேட்டரி செத்து, “ஸ்லோவா இருக்கு” என்று மூலையில் கிடக்கும். அந்த வீட்டிலேயே தம்பியோ தங்கையோ படித்துக்கொண்டிருந்தால் ஒரு எஸ்எஸ்டியும் (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) சார்ஜரும் போதும், மெஷின் வீடு மாறக்கூட வேண்டியதில்லை.

3. காகிதம்: நாலு தாள், தவற விடாதீர்கள்

கம்பெனியிடமிருந்து வாங்கினால் அவர்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வேண்டும். மாடல், சீரியல் எண் வாரியாகப் பட்டியல், இருக்கும் நிலையில் இலவசமாகக் கொடுக்கிறோம் என்ற வரி, கையெழுத்து, முத்திரை. இரண்டாவது டெலிவரி சலான். வண்டியில் இருபது சிபியு ஏற்றிப் போகும்போது வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான். மூன்றாவது நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கும் டேட்டா அழிப்புச் சான்று: எந்த சீரியல் எண் டிஸ்க், எந்த முறை, எந்தத் தேதி. நான்காவது மெஷின் பெற்றுக்கொண்டவரின் ஒப்புகை.

வாங்கும் முன்பே இரண்டு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். ஒன்று, “80ஜி ரசீது கிடைக்குமா?” என்ற கேள்வி வரும், நன்கொடைக்கான வருமான வரி விலக்கைத்தான் கேட்கிறார்கள். கிடைக்காது. நீங்கள் பதிவு பெற்ற டிரஸ்டாகவே இருந்தாலும் பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி விலக்கு இல்லை, பணத்துக்குத்தான். பிறகு மனக்கசப்பு வருவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஜிஎஸ்டி கணக்கில் அவர்கள் செய்ய வேண்டியதை அவர்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு, மின்கழிவு விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2022-ம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டில் ஆயிரமும் அதற்கு மேலும் மின்னணுப் பொருள் பயன்படுத்தும் நிறுவனம் தன் மின்கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஆகவே பெரிய கம்பெனி உங்களுக்குக் கொடுக்கத் தயங்கினால் அது சாக்குப்போக்கு ஆகாது. சின்ன ஆபீஸ், ஆடிட்டர் அலுவலகம், டியூஷன் சென்டர் பக்கம் போங்கள். சீராக்கி விற்பதாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் ரீஃபர்பிஷராகப் பதிய வேண்டும். “சும்மா ஆயிரம் ரூபாய் வாங்கிக்கலாமே” என்று நடுவில் ஒருவர் யோசனை சொல்வார். அங்கேயே நிறுத்துங்கள்.

4. முதல் அரை மணி: உயிர் இருக்கிறதா

மின்சாரம் கொடுக்கும் முன் கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பி இருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டை ஒதுக்கிவிடுங்கள். மாற்ற முடியும்தான், ஆனால் முதல் பத்தில் அந்த வேலை வேண்டாம்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை என்றால் பதறாமல் வரிசையாகப் போங்கள். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் போட்டுப் பாருங்கள். எத்தனையோ “செத்த” மெஷின் இந்த ஒரு ரப்பரில் எழுந்து உட்காரும். வராவிட்டால் ஸ்லாட்டை மாற்றுங்கள். பிறகு சிஎம்ஓஎஸ் செல். பிறகு நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை வர வேண்டும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

சிஎம்ஓஎஸ் செல்லை, சிஆர்2032 என்று எழுதியிருக்கும் நாணயம் போன்றதை, நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். முப்பது, ஐம்பது ரூபாய்தான். அது போனால் கடிகாரம் பல வருடம் பின்னே ஓடிவிடும். தேதி தப்பானால் பிரவுசர் எந்தத் தளத்தையும் “பாதுகாப்பற்றது” என்று திறக்க மறுக்கும். வீட்டில் உள்ளவர்கள் நெட் வேலை செய்யவில்லை என்றுதான் போன் செய்வார்கள்.

5. பழைய டேட்டாவை அழித்தல்

ஃபார்மேட் போட்டால் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குவிக் ஃபார்மேட் போட்ட டிஸ்க்கிலிருந்து இலவச மென்பொருளே புகைப்படங்களை மீட்டுக் கொடுத்துவிடும். அதில் இருப்பது ஒருவருடைய பான் கார்டு ஸ்கேனாகவும் சம்பளப் பட்டியலாகவும் இருக்கலாம்.

சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்கு, டிஸ்க் அழிக்கும் மென்பொருளான ஷ்ரெட்ஓஎஸ்ஸைப் பென்டிரைவில் பூட் செய்து முழு டிஸ்க்கின் மேலும் ஒருமுறை பூஜ்யம் எழுதினால் போதும். ஏழு முறை எழுத வேண்டும் என்பதெல்லாம் பழைய கதை. 500 ஜிபி டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். டிஸ்க் பழசானால் இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். ஐந்து மெஷினையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். தொடங்கும் முன் உங்கள் சொந்த டிஸ்க் எதுவும் அந்த மெஷினில் செருகியிருக்கவில்லையே என்று இரண்டு முறை பாருங்கள்.

எஸ்எஸ்டிக்கு இந்த வழி சரிப்படாது. மேலே எழுதினாலும் உள்ளே ஒதுக்கி வைத்த செல்களில் பழைய டேட்டா மிஞ்சலாம். பயாஸில் செக்யூர் எரேஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், சில நொடி முதல் சில நிமிடத்தில் முடிந்துவிடும். “ஃப்ரோசன்” என்று மறுத்தால் மெஷினை ஒருமுறை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் வழிவிடும்.

அழிக்கும் முன்பே, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். ரீஅலொகேட்டட் செக்டார், பென்டிங் செக்டார் இரண்டில் எதிலாவது பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க் யாருக்கும் போகக் கூடாது. அழிக்கவும் முடியாமல் நின்றால் தட்டுகளில் டிரில்லால் துளை போடுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் வேண்டும்.

6. தூசியும் பேஸ்ட்டும்

மொட்டை மாடியிலோ வெளியிலோ வைத்து பிளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் வெறிபிடித்துச் சுற்றினால் பேரிங் போகும். லேப்டாப்பில் ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தூசி பஞ்சு மெத்தை மாதிரிப் படிந்திருக்கும், வெளியிலிருந்து அடித்தால் வராது, ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதியது வையுங்கள். நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்று எண்ணாதீர்கள். டெஸ்க்டாப் ஹீட்சிங்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். போர்டின் பின்பக்கம் நான்கும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்காமல் மூடாதீர்கள். ஒரு கால் சரியாக உட்காராவிட்டால் மெஷின் பத்து நிமிடம் ஓடி அணைந்துகொண்டே இருக்கும், நீங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

7. காசு எங்கே போடுவது: எஸ்எஸ்டி, பிறகு ராம்

பழைய மெஷின் மெதுவாக இருப்பதற்கு முக்கால் பங்கு காரணம் ஹார்ட் டிஸ்க். 240 அல்லது 256 ஜிபி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டால் பத்து வருடப் பழைய ஐ3-யும் அரை நிமிடத்துக்குள் எழும். டெஸ்க்டாப்பில் அதற்கு இடமில்லையே என்று தகடு வாங்க வேண்டாம். எடை இல்லாதது, உள்ளே சுற்றுவதும் எதுவுமில்லை, இருபக்க டேப்பில் ஒட்டினாலே நிற்கும். பயாஸில் சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ-க்கு மாற்றிய பிறகு ஓஎஸ் ஏற்றுங்கள்.

ராமில் கண்ணிகள் அதிகம். லேப்டாப் ராம் குட்டை, டெஸ்க்டாப் ராம் நீளம், இது தெரிந்ததே. நான்காம் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3 ஸ்லாட்டில் அழகாக உட்காரும், டிஸ்ப்ளே மட்டும் வராது. டெஸ்க்டாப்புக்கு சந்தையில் மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 என்று விற்பதில் ஒரு பகுதி ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடுவது, இன்டெல்லில் ஓடாது. கோர் 2 டுவோ காலத்து ஜி41 போர்டு என்றால் இருபுறமும் எட்டெட்டு சிப் உள்ள, மொத்தம் பதினாறு சிப் 4 ஜிபி ராம் கேளுங்கள். எட்டே சிப் உள்ளதைப் பெரும்பாலும் ஏற்காது, அல்லது பாதியைத்தான் காட்டும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் போர்டு எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுங்கள், “வேலை செய்யலன்னா மாத்திக் கொடுப்பேன்” என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு மெஷினுக்கு வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகே பத்துக்கு வாங்க வேண்டும்.

ஒரு மெஷினுக்குச் செலவு தோராயமாக: எஸ்எஸ்டி 1,500 முதல் 3,000 ரூபாய், 4 ஜிபி பழைய டிடிஆர்3 ராம் 400 முதல் 800, செல், பேஸ்ட், துணி எல்லாம் சேர்த்து 150, டெஸ்க்டாப்புக்கு வைஃபை டாங்கிள் 300 முதல் 500. லேப்டாப் என்றால் சார்ஜர் 500 முதல் 900, பேட்டரி 1,200 முதல் 2,500. 2025 கடைசி மாதங்களில் மெமரி விலை உலகம் முழுக்க ஏறியது, ஆகவே பழைய ரசீதை வைத்து பட்ஜெட் போடாமல் அன்றைய விலையைக் கேளுங்கள். பேட்டரிக்குக் காசு போடுவதை நாங்கள் கடைசியில்தான் வைப்போம். சார்ஜரிலேயே ஓட்டினாலும் படிப்பு நடக்கும். அந்தக் காசில் இன்னொரு மெஷினுக்கு ஏறக்குறைய ஒரு எஸ்எஸ்டி வந்துவிடும். அடிக்கடி கரண்ட் போகிற ஊருக்கு மட்டும் விதிவிலக்கு.

8. எந்த ஓஎஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் உள்ள மெஷினில், ஏற்கெனவே அசல் விண்டோஸ் இருந்தால் விண்டோஸ் 11 போடுங்கள். உரிமம் போர்டோடு ஒட்டியது, சாவி பெரும்பாலும் பயாஸுக்குள்ளேயே இருக்கும், இன்டர்நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். பழைய மெஷினில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றும் வித்தைகள் உண்டு. உங்கள் மெஷினில் விளையாடுங்கள். அடுத்த பெரிய அப்டேட் ஏறாமல் நின்றால் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாத வீட்டுக்கு அதைக் கொடுக்காதீர்கள். கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பு எந்த வித்தைக்கும் எழாது, அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தச் சிப்பிலேயே இல்லை. ஐநூறு ரூபாய் சாவியும் ஆக்டிவேட்டர் மென்பொருளும் இரண்டுமே வேண்டாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ் மிண்ட் 22 வரிசை, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, 4 ஜிபி ராமில் மூச்சு வாங்காமல் ஓடும், ஸ்டார்ட் பட்டன் இருக்கிற இடத்தில் மெனு இருக்கும். 2 ஜிபி மட்டும்தான் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ்.

8 ஜிபி பென்டிரைவில் அதை பூட் ஆக வைக்கும் வென்டாய் மென்பொருளைப் போட்டு மிண்ட் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே காப்பி செய்தால் போதும். பூட் மெனுவில் ஓஇஎம் இன்ஸ்டால் என்று ஒன்று இருக்கும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தற்காலிகக் கணக்கில் நீங்கள் எல்லாவற்றையும் ஏற்றி அமைத்த பிறகு, டெஸ்க்டாப்பில் இருக்கும் “இறுதிப் பயனருக்கு அனுப்பத் தயார் செய்” ஐகானை அழுத்தி அணைத்துவிடுங்கள். பிள்ளை வீட்டில் முதல்முறை போடும்போது அவள் பெயர், அவள் பாஸ்வேர்டு கேட்கும். உங்கள் பாஸ்வேர்டோடு மெஷின் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து இரவு பத்து மணிக்கு “சார், அந்த பாஸ்வேர்டு என்ன?” என்று போன் வரும்.

வைஃபை தெரியவில்லை என்றால் அது பிராட்காம் சிப்பாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தானே கண்டுபிடிக்கும்.

9. தமிழ், ஆபீஸ், அப்டேட்

அமைப்புகளில் கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழைச் சேர்த்துவிட்டு முடிந்தது என்று போய்விடாதீர்கள். அங்குள்ள தமிழ்99-ல் ஒரே மெய்யை இருமுறை அடித்தால் தானாகப் புள்ளி விழும் வசதி கிடைக்காது. தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் மென்பொருளையும் அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து, எம்17என் பட்டியலில் தமிழ்99-ஐச் சேருங்கள். ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய் என்று ஒரு படத்தை அச்சிட்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டினால் பத்து நாளில் பழகிவிடும்.

மிண்டோடு வரும் ஆபீஸ் மென்பொருளான லிபர்ஆஃபீஸில் சேமிக்கும் வடிவத்தை வேர்டு வடிவத்துக்கு மாற்றிவையுங்கள். இல்லையென்றால் பிராஜெக்ட்டைப் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில் திறக்காமல் திரும்பி வருவார்கள்.

எல்லா அப்டேட்டையும் உங்கள் இணைப்பிலேயே முடித்துவிட்டுக் கொடுங்கள். பிராட்பேண்டு உள்ள வீடானால் தானியங்கி அப்டேட்டைப் போட்டுவிடலாம். அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு ஒன்றரை ஜிபி வைத்து ஓட்டும் வீடானால் அதை நிறுத்திவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

10. ஒரு ராத்திரி சோதனை

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராம் போகக் கூடாது. அப்படிப்பட்ட மெஷின் நன்றாக ஓடுவது போலவே ஓடி, பிராஜெக்ட் கோப்பைக் கெடுத்து வைக்கும். பிறகு இரண்டு மணி நேரம் வீடியோ ஓடட்டும். வெப்பம் 85 டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டும். மே மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு உங்கள் அறையைவிட எட்டுப் பத்து டிகிரி கூட இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு கீயையும் அழுத்திப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் மவுஸைச் செருகுங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் குழி. லேப்டாப் மூடியைத் திறந்து மூடும்போது திரை மினுக்கினால் கீல் பக்கத்து ஒயர் நைந்திருக்கிறது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுநாள் காலை போட்டால் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பது கடைசிச் சோதனை.

முதல் மெஷினுக்கு இவ்வளவும் செய்ய ஒரு முழு வார இறுதி போகும். ஐந்தாவதற்குக் கை படும் நேரம் மூன்று மணிக்குள் வந்துவிடும், மீதியெல்லாம் காத்திருப்புதான்.

11. கொடுக்கும் நாள்

நீங்களே போய்ப் பொருத்துங்கள். போகும்போது எர்த் சோதிக்கும் கருவி ஒன்று எடுத்துப் போங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், மேல் ஓட்டையின் பின்னால் ஒயரே இருக்காது. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியே கேபினெட்டில் மின்சாரம் ஏறி நிற்கும். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று பின்பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். பெரும்பாலும் அது மெல்லிய அதிர்ச்சிதான், ஆனால் ஒருமுறை அடித்தால் பாட்டி அந்த மெஷினைப் பிள்ளை பக்கத்தில் விடமாட்டார். அதற்கு மேல், எஸ்எம்பிஎஸ் பழுதானால் அது உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுப்பதற்கு ஆகும் செலவை மெஷின் செலவிலேயே சேர்த்துவிடுங்கள், அல்லது அந்த வீட்டுக்கு எர்த் தேவைப்படாத இரண்டு பின் சார்ஜர் லேப்டாப்பாகப் பார்த்துக் கொடுங்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போட்டுச் சமாளிக்கக் கூடாது.

அரை மணி நேரம் உட்கார்ந்து அணைப்பது எப்படி, பென்டிரைவை எடுப்பது எப்படி, எங்கே சேமிக்கிறது என்று பிள்ளையையே செய்யவிட்டுப் பாருங்கள். ஒப்புகைத் தாளில் பெயர், சீரியல் எண், தேதி, கையெழுத்து போதும். ஆதார் நகல் வாங்காதீர்கள், அதைப் பாதுகாக்கிற பொறுப்பு உங்களுக்கு எதற்கு? போட்டோ எடுத்துப் போடுவதானால் பெற்றோரைக் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பத்து மெஷின் கொடுத்தால் பதினோராவதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்தில் ஏதாவது ஒன்று திரும்பி வரும், பரீட்சை நேரத்தில்தான் வரும்.

12. மிஞ்சிய குப்பை

செத்த போர்டு, நைந்த கேபிள், உப்பிய பேட்டரி இவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் கேபிள் செம்புக்காகக் கொளுத்தப்படும், போர்டு அமிலத்தில் ஊறும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் இருக்கிறது. சிலர் குறைந்த அளவுக்கு வண்டி அனுப்ப மாட்டார்கள், இரண்டு மூன்று குழுக்கள் சேர்த்து வைத்து அழையுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கி மூன்றாம் பகுதியில் சொன்ன தாள்களோடு வையுங்கள், அடுத்த முறை கம்பெனி மெஷின் கொடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். உப்பிய பேட்டரியை அதுவரை மணல் நிரப்பிய தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, மற்ற பேட்டரிகளோடு சேர்த்தும் போடக் கூடாது.